ஒரிஜினலையும் அனுப்பி விடுங்கோ, தம்பி

வேலை முடிந்து, பிரிண்டும் போய், மிச்சக் காசும் கைக்கு வந்து சில மாதம் கழித்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். "தம்பி, அந்த நோட்டீஸின்ர ஒரிஜினலையும் ஒருக்கா அனுப்பி விடுங்கோ." திருகோணமலையில் டிசைன் வேலை செய்கிற எவருக்கும் இது புதிதில்லை. கேட்பவர், தான் காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கேட்பதாக நினைக்கிறார். செய்து கொடுத்தவரோ, தான் விற்காத ஒன்றைச் சும்மா கேட்கிறார்களே என்று நினைக்கிறார். இருவர் மனதிலும் கள்ளமில்லை. ஆனாலும் அந்த ஒரு செய்தியோடு பல வருடப் பழக்கம் கசந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் இந்த ஊரிலிருந்து தனியாக வேலை எடுத்துச் செய்கிறவன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்கள், திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்காரர்கள், டவுனில் உள்ள கடைகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், இடையிடையே பைவர், அப்வேர்க் என்ற வேலை எடுக்கும் இணையத்தளங்கள் வழியாக வெளிநாட்டு வேலைகள். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளோடு கதைக்கும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். எவ்வளவு கேட்பது என்று அவர்களுக்குத் தெரிகிறது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை எழுதி வைக்கத் தெரியவில்லை. சோர்ஸ் ஃபைல் சண்டைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்குப் போவது பெரும்பாலும் பிடிஎஃப். பேஸ்புக்கில் போடுவது ஜேபெக். இவை முடிந்த பொருள்கள். பார்க்கலாம், அச்சடிக்கலாம், உள்ளே கைவைத்துப் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. அவற்றைப் பெற்றெடுத்த இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷொப், இன்டிசைன் ஃபைல்தான் சோர்ஸ். எழுத்து எழுத்தாகவே இருக்கும், படம் தனி லேயரில் இருக்கும், நிறத்தை ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். வாடிக்கையாளர் "ஒரிஜினல்" என்று கேட்பது இதைத்தான். அடுத்த வருடம் அறை வாடகை கூடினால் அந்த எண்ணை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குத்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் 14ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பின் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பிரதி செய்யவும் விற்கவும் உள்ள உரிமை, முதலில் அதை உருவாக்கியவருக்கே சேரும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியது என்றால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அது வேலை கொடுத்தவருக்கு. எங்களைப் போலத் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள் யாருக்கும் ஊழியர்களில்லை. ஆகவே எதுவும் எழுதாமல் செய்து கொடுத்த லோகோவின் பதிப்புரிமை, காசு முழுதாக வாங்கிய பிறகும் செய்தவரிடமே நிற்கிறது. 16ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. உரிமையைக் கைமாற்றுவதோ பயன்படுத்த அனுமதி கொடுப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். எழுதப்படாத உரிமை சேர்ந்து போனதாகக் கருதப்படாது.

இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் திகைத்துப் போகிறார்கள். "ஐடியா என்னுடையது, காசும் என்னுடையது, பிறகு எப்படி உங்களுடையதாகும்?" என்று கேட்கிறார்கள். இதே கேள்வி அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாஷிங்டனில் வீடற்றவர்களுக்காக வேலை செய்த ஓர் அமைப்பு, ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியைக் கொண்டு ஒரு சிலை செய்வித்தது. தெருவில் வாழும் ஒரு குடும்பத்தைக் காட்டும் சிலை. யோசனை அமைப்பினுடையது, செலவும் அவர்களுடையது, வேலை நடக்கும்போது போய்ப் பார்த்து இப்படி இருக்கட்டும் அப்படி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். பதிப்புரிமை பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதவில்லை. 1989இல் நீதிமன்றம், ரீட் அவர்களுடைய ஊழியர் அல்ல, சொந்தக் கருவிகளோடு சொந்தப் பட்டறையில் வேலை செய்த தனி ஒப்பந்தக்காரர் என்று தீர்த்தது. ஊழியர் செய்த வேலை என்ற பெயரில் உரிமை அந்த அமைப்புக்குத் தானாகப் போய்விடவில்லை.

அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். கடைசியில் இரு தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். சிலை அமைப்புக்கு, அதை முப்பரிமாணமாகப் பிரதி செய்யும் உரிமை சிற்பிக்கு. ஆனால் பிரதி செய்ய அச்சு எடுக்க வேண்டும், அச்சு எடுக்கச் சிலை கையில் வேண்டும், சிலையோ மற்றவரிடம். அதற்காக மறுபடி நீதிமன்றம் போனார்கள். உரிமை ஒருவரிடம், பொருள் இன்னொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் தொழிலில் இது அப்படியே தலைகீழாக நடக்கும். எழுதி ஒப்பமிட்டு, லோகோவின் உரிமை முழுவதையும் ஒரு கடைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று வையுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலையும் கொடுக்கத்தான் வேண்டுமா? உரிமை பற்றிப் பேசும் சட்டம் ஃபைல் பற்றிப் பேசவில்லை. உரிமைக்கு ஒரு வரி, ஃபைலுக்கு ஒரு வரி என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதாத வரைக்கும் அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டேதான் இருக்கும். நிறையப் பேர் "எல்லா உரிமையும் வாடிக்கையாளருக்கே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பிறகு ஃபைலுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து எடுப்பித்த புகைப்படம், வரைவித்த உருவப்படம் போன்றவற்றின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், செய்வித்தவரே. அதனால் தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லும் யோசனையை எங்கள் நாட்டு ஒப்பந்தத்தில் அப்படியே ஒட்டிவிட முடியாது. யூடியூப்பில் ஆங்கிலத்தில் சொல்லப்படுவதும் அப்படித்தான், அதில் பாதி அமெரிக்கச் சட்டம்.

வாடிக்கையாளர் பக்கத்தில் ஒரு பழக்கமும் இருக்கிறது. முன்பு ஸ்டூடியோவில் கலியாணப் படம் எடுத்தால் ஆல்பம் எங்களுக்கு, நெகடிவ் ஸ்டூடியோவுக்கு. இன்னொரு பிரதி வேண்டுமென்றால் திரும்பவும் அங்கேதான் போக வேண்டும். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அச்சகத்திலும் பிளேட் அச்சகத்துக்கே. அந்தத் தலைமுறையில் கடை நடத்திய ஐயாமாருக்குச் சோர்ஸ் ஃபைலைத் தனி விலைக்குத் தருவது பற்றிச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் விளக்குவது கஷ்டம். எதையும் கொப்பி பண்ணி அனுப்பிவிடலாம் என்று வளர்ந்தவர்கள், அனுப்ப மாட்டேன் என்று சொன்னால் கோபப்படத்தானே செய்வார்கள்.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். லோகோ என்றால் சோர்ஸ் ஃபைலைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். அதன் விலையை முதலிலேயே லோகோவின் விலைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கடையின் அடையாளம் அந்தக் கடையிடம் இருக்க வேண்டும். போர்டு எழுதுபவர் கேட்பார், டீசேர்ட் அடிப்பவர் கேட்பார், நாளைக்கு வெப்சைட் செய்பவர் கேட்பார். ஒவ்வொரு தடவையும் டிசைனரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் ஊரில் டிசைனர்கள் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. இன்றைக்கு இங்கே இருக்கிற பிள்ளை அடுத்த வருடம் கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும். நிலாவெளியில் ஒரு அக்கா சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். அவருடைய லோகோவைச் செய்த பிள்ளை வெளிநாடு போய் நம்பரையும் மாற்றிவிட்டது. அக்காவிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஜேபெக் மட்டும். அதுவும் பலமுறை ஃபோர்வேர்ட் ஆகி, எழுத்தின் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகப் போயிருந்தது. பத்தடி போர்டுக்கு அதைப் பெரிதாக்கினால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் படத்தைக் கீழே வைத்து, மேலே பென் டூலால் ஒவ்வொரு வளைவாகத் திரும்ப வரைந்தேன். ஒரு பனையோலையும் அதற்குக் கீழே அலை போல ஒரு கோடும். அலையின் நீலம் எது என்று அக்காவுக்கும் தெரியாது. பழைய விசிட்டிங் கார்டில் ஒரு நீலம், கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் இன்னொரு நீலம். அந்தப் பிள்ளை போகும்போது ஒரு சின்ன ஃபைலை மெயிலில் போட்டுவிட்டுப் போயிருந்தால் அக்கா ஒரே லோகோவுக்கு இரண்டு தடவை காசு கொடுத்திருக்க மாட்டார்.

லோகோவை வியாபாரக் குறியாகப் பதிவு செய்யலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதியப் போகிறவரின் சின்னத்துக்குப் பதிப்புரிமை வேறொருவரிடம் கிடந்தால் அது வேண்டாத சிக்கல். ஆகவே லோகோ வேலையில் ஃபைலும் போக வேண்டும், உரிமையும் எழுத்தில் போக வேண்டும்.

பிரோஷர், மெனு, திருவிழா மலர் எல்லாம் வேறு கதை. அங்கே சோர்ஸ் ஃபைல் தனிப் பொருள், தனி விலை. அதில் இருப்பது ஒரு தடவை செய்த வேலை மட்டுமில்லை. பல வருடமாக நான் சேர்த்துவைத்த கிரிட், ஸ்டைல், பத்தி அமைப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைக் கொடுத்தால் அடுத்த சீசன் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். டிசைன் கட்டணத்தில் பாதியைச் சோர்ஸுக்குத் தனியாகப் போடுகிறேன், அதுவும் முதல் நாள் கொட்டேஷனிலேயே. வேண்டுமென்றால் எடுக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். முக்கால்வாசிப் பேர் விடுகிறார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தேவை ஃபைல் அல்ல, வாடகை மாறும்போது அந்த எண் மாற வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வருடத்துக்கு ஒரு தடவை எண் மாற்றித் தருவதை விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டால் கேள்வியே எழாது. கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் சுற்றுலாச் சீசன். அதற்கு முன் ஏப்ரலில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள் என்பதால் மார்ச் முடிவுக்குள் எண்களைத் தரச் சொல்லி அதையும் எழுதி வைக்கிறேன்.

சோர்ஸ் ஃபைலைக் கொடுப்பது என்றால் என்ன கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது தனித் தலையிடி. பழைய வேலைகள் எல்லாம் பாமினியில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் கலியாண அழைப்பிதழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோட் என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை. இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காத கணனியில் அதே ஃபைலைத் திறந்து ஒரு சொல்லை மாற்றப் போனால், "கோணேசர்" என்பதில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நின்றுவிடும். வாங்கியவர் "நீங்கள் தந்த ஃபைல் பழுது" என்பார். எங்கள் ஊரில் பிரோஷர் மூன்று மொழியில் போகும், ஆகவே சிங்களத்துக்கும் இதே கதை. எஃப்.எம். அபயவில் அடித்துவைத்த பழைய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்து பாருங்கள்.

எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிவிடலாமே என்றால், அது எங்களுடைய சொத்தே இல்லை. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவின் அனுமதி பெரும்பாலும் வாங்கியவருக்கு மட்டும். அடோபி ஃபொன்ட்ஸில் இருந்து எடுத்தது என்றால், இன்டிசைனில் பேக்கேஜ் (எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டும் கட்டளை) கொடுத்தாலும் அந்த எழுத்துரு பொதிக்குள் வராது, வாங்குபவர் தன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால்தான் சோர்ஸ் கேட்பார்கள் என்று தெரிந்த வேலைகளில் திறந்த உரிமத்தில் உள்ள எழுத்துருக்களை மட்டும் பாவிக்கிறேன். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை. சிங்களத்துக்கு அபய லிப்ரே, நோட்டோ சான்ஸ் சிங்களம். இவற்றை ஃபைலோடு சேர்த்துக் கொடுப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. எழுத்துருவைத் தெரிவு செய்வதே ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்பதைப் புதியவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

படங்களும் அப்படியே. படகுக்காரர் ஒருவருக்குச் செய்த பிரோஷரின் முகப்பில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் வால். அதை எடுத்தவர் எங்கள் ஊர்ப் புகைப்படக்காரர். அந்தப் பிரோஷருக்கும் அதன் பேஸ்புக் பதிவுகளுக்கும் மட்டும் என்று அனுமதி தந்தார். போட்டோஷொப் ஃபைலுக்குள் அந்தப் படம் முழு அளவில், வெட்டாமல் கிடக்கிறது. ஃபைலை அப்படியே தூக்கிக் கொடுத்தால் எனக்கில்லாத ஒன்றை நான் தானம் செய்கிறேன். அவர் மாதக்கணக்காகக் கடலுக்குப் போய் எடுத்த படம் அது. ஆகவே சோர்ஸ் கொடுக்கும்போது அந்த லேயரில் சின்ன அளவு படத்தை வைத்து, முழுப் படத்துக்கு அவரிடம் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். படகுக்காரர் அவரிடம் போய்ப் பேசி, தனியாக விலை கொடுத்து எடுத்தார். எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது.

வீடியோ செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் சட்டம் ஒலி ஒளிப் படைப்புகளை வேறாகப் பார்க்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். எடிட் செய்தவர் தானே உரிமையாளர் என்று நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. யார் தயாரிப்பாளர் என்பதையே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது.

இனி ஒரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் சோர்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், முழுக் காசும் வாங்கிவிட்டு, வாடிக்கையாளருக்கு அவசரம் வந்த நேரத்தில் "ஃபைல் வேணுமெண்டால் இவ்வளவு" என்று கேட்பது சரியில்லை. சட்டம் எங்கள் பக்கம் இருக்கலாம். ஆனாலும் சரியில்லை. பாக்கிக் காசு வரும்வரை ஃபைலைப் பிடித்துவைப்பது வேறு, அது எங்கள் உழைப்புக்கான காவல். அவசரத்தை விலை பேசுவது வேறு. அதைவிட மோசம், வெப்சைட்டின் டொமைனைத் தன் பெயரில் பதிந்துவைத்துக்கொண்டு, பேஸ்புக் பக்கத்தின் அட்மினாகத் தானே இருந்துகொண்டு, சண்டை வந்ததும் பூட்டிவிடுவது. டொமைனும் பக்கமும் டிசைனருடைய படைப்பே இல்லை. அவை கடைக்காரருடைய பெயர், அவருடைய கதவு. முதல் நாளிலிருந்தே அவர் பெயரில், அவர் மெயிலில் இருக்க வேண்டும். சில ஆட்கள் இப்படிச் செய்வதால் டிசைனர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் நம்பிக்கையைத் திரும்ப வாங்க மற்ற எல்லோரும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் சுத்தமில்லை. கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்தபோது வந்த ஆங்கில ஒப்பந்தத்தில், வேலை செய்த ஃபைல்கள், வரைவுகள், நிராகரிக்கப்பட்ட மாதிரிகள் உட்பட எல்லாமே அவர்களுக்கு என்று இருந்தது. நிராகரிக்கப்பட்ட மாதிரிகள்! மூன்று லோகோ மாதிரி காட்டி ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள், காசு ஒன்றுக்குத்தான். மிச்சம் இரண்டும் ஏன் அவர்களுக்கு? அந்த வரியை வெட்டச் சொல்லிக் கேட்டேன். முதலில் மறுத்தார்கள். தெரிவு செய்யாத மாதிரிகள் வேண்டுமென்றால் அவற்றுக்கும் விலை போடுகிறேன் என்று எழுதி அனுப்பியதும் வெட்டினார்கள். ஆங்கில ஒப்பந்தம் வந்தால் பயந்து ஒப்பமிடாதீர்கள். விளங்காத வரியை விளங்கும்வரை கேளுங்கள். பெரிய தொகை என்றால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பைவர், அப்வேர்க் வேலைகளில் நிலைமை நேரெதிர். பைவரில் கிக் பக்கத்தில், அதாவது நாங்கள் வேலையை விலையோடு விளம்பரம் செய்யும் பக்கத்தில், வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலையைக் கொடுத்துக் காசும் வந்த பிறகு உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். சோர்ஸ் ஃபைல் கொடுப்பதா இல்லையா என்பதை பெக்கேஜிலேயே தனியாகக் குறிக்கலாம், அதற்கென்று கூடுதல் விலையும் வைக்கலாம். அப்வேர்க்கிலும் வேறு ஒப்பந்தம் போடாவிட்டால், காசு செலுத்தியதும் வேலை வாடிக்கையாளருக்கு. ஊர் வேலையில் உரிமை எழுதாவிட்டால் என்னிடம் நிற்கிறது, அங்கே எழுதாவிட்டால் என்னைவிட்டுப் போகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் ஒப்பந்தம் ஒரே பக்கம், தமிழில். கெஸ்ட் ஹவுஸ் அக்காவோ படகுக்காரரோ என் முன்னால் இருந்து வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத காகிதத்தில் ஒப்பம் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. அதில் உள்ள முக்கியமான வரி இது: "வாடிக்கையாளருக்குக் கையளிக்கப்படுபவை கீழே குறிப்பிட்ட ஃபைல்கள் மட்டும். திருத்தக்கூடிய மூல ஃபைல்கள் இதில் அடங்கும் / அடங்கா (ஒன்றை வெட்டவும்)." அந்த வெட்டை வாடிக்கையாளரையே போடச் சொல்கிறேன். பேனாவைக் கையில் எடுத்ததும் கேள்விகள் வரும். அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன, விலை எவ்வளவு மாறும். அந்தக் கேள்விகள் ஒரு வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் வருவதைவிட அன்றைக்கே மேசையில் வருவது எவ்வளவோ மேல்.

அடுத்த வரி உரிமை பற்றி: முழுக் கட்டணமும் கிடைத்த நாளிலிருந்து இன்ன உரிமை, இன்ன பாவனைக்கு. அடுத்தது எழுத்துரு, படம் போன்ற மற்றவர்களின் பொருள்கள் இதற்குள் வராது என்பது. அதற்கடுத்தது, செய்த வேலையை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்பது. சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருளாதார உரிமையை விற்ற பிறகும் படைப்பாளியின் பெயர் சார்ந்த ஒழுக்க உரிமையைக் காக்கிறது. பெயரைப் போடச் சொல்லவும் வேலையைச் சிதைத்து என் பேருக்குக் கெடுதல் வராமல் தடுக்கவும் அதில் இடமிருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுவது நல்லது. கடைசியில் இருவரும் ஒப்பமிடுகிறோம், ஆளுக்கொரு பிரதி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணங்களையும் கையொப்பத்தையும் ஏற்கிறது என்பதால் தூரத்து வாடிக்கையாளர்களோடு மெயிலில் முடிக்கிறேன். வாட்ஸ்அப் தம்ஸ்-அப்பை மட்டும் நம்பி நான் வேலை தொடங்குவதில்லை.

ஃபைலை எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்பதையும் எழுதுகிறேன். சோர்ஸை வாங்காதவர்கள் என் ஹார்ட் டிஸ்க்கை நம்பி இருக்கிறார்கள், அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும். கையளித்த நாளிலிருந்து மூன்று வருடம், இரண்டு இடத்தில் பிரதி. அதற்குப் பிறகு அழிக்கும் முன் ஒரு செய்தி அனுப்புவேன். அதற்குள் நான் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் ஃபைலைக் கட்டணமில்லாமல் கையளித்துவிட்டே போவேன் என்றும் ஒரு வரி இருக்கிறது. நிலாவெளி அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு சேர்த்த வரி அது.

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பழைய காலத்தில் செய்த வேலைகளும் நிறைய இருக்கின்றன. சீசன் தொடங்க முதல் அந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைக்கிறேன். லோகோ என்றால் ஃபைலை அனுப்பி, உரிமையைக் கைமாற்றும் ஒரு சின்னக் கடிதத்தில் இருவரும் ஒப்பமிடுகிறோம், காசில்லாமல். மற்ற வேலைகளுக்கு மேலே சொன்ன அதே வரியைக் காட்டி, எதை வெட்டுவது என்று கேட்கிறேன். போன கிழமை உட்துறைமுக வீதியில் ஒரு கடைக்கார ஐயா "அடங்கா" என்பதை வெட்டிவிட்டு விலையைக் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அரைவாசி இப்ப, அரைவாசி ஓகஸ்ட்டில் என்றார். அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிக்கொண்டோம்.